ரீச்சரிடம் கேளுங்கள்: மலிவான வழியை முதலில் எடுத்தால் செலவு ஏன் கூடுகிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லொறியும் மூடையும் பற்றியவை. அறுவடை முடிந்து ஸ்டோர்கள் நிறைந்திருக்கும் காலம் என்பதால் அப்படி வந்திருக்கலாம். போக்குவரத்துக் கணக்கு என்று சொல்லும் இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கும். அதனால் மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ரீச்சர், எனக்குக் கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா மூன்று இடத்திலும் அரிசி ஸ்டோர் இருக்கிறது. இந்தக் கிழமை கந்தளாயில் 120 மூடை, தம்பலகாமத்தில் 80, கிண்ணியாவில் 100. திருகோணமலை நகரக் கடைகளுக்கு 140, நிலாவெளிக்கு 70, மூதூருக்கு 90 மூடை போக வேண்டும். மூடைக்கு ஏற்றுகூலி இப்படி வருகிறது. கந்தளாயிலிருந்து நகரம் 70 ரூபா, நிலாவெளி 90, மூதூர் 110. தம்பலகாமத்திலிருந்து நகரம் 50, நிலாவெளி 80, மூதூர் 75. கிண்ணியாவிலிருந்து நகரம் 40, நிலாவெளி 75, மூதூர் 45. நான் எப்போதும் ஆக மலிவான வழியை முதலில் நிரப்பி, பிறகு அடுத்த மலிவுக்குப் போவேன். அப்படிப் பார்த்தால் 20,800 ரூபா செலவு. கம்பஸில் படிக்கும் மருமகன் இதைக் குறைக்கலாம் என்று அடித்துச் சொல்கிறான். மலிவானதை முதலில் எடுப்பதைவிட வேறென்ன செய்ய முடியும்?
— அரிசி வியாபாரி, கிண்ணியா

பதில்: மருமகன் சொல்வது சரி, தம்பி. 18,250 ரூபாவுக்கு அனுப்பலாம். ஒரே கிழமையில் 2,550 ரூபா மிச்சம். அது எப்படி என்பதை நீங்களே பேப்பரில் போட்டுப் பார்க்கும்படி எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வழியைப் பார்ப்போம். ஸ்டோர்களை நிரைகளிலும் ஊர்களை நிரல்களிலும் எழுதி, கூலிகளை ஓர் அட்டவணையாகப் போடுங்கள். அதன் ஒன்பது கட்டங்களில் ஆகக் குறைந்த கூலி கிண்ணியா–நகரம், 40 ரூபா. அதனால் கிண்ணியாவில் இருந்த 100 மூடையையும் நகரத்துக்கு ஏற்றிவிட்டீர்கள். நகரத்துக்கு மிச்சம் 40 மூடை தம்பலகாமத்திலிருந்து போகிறது. தம்பலகாமத்தில் எஞ்சிய 40 மூதூருக்கு. கடைசியில் கந்தளாய்தான் எஞ்சி நிற்கிறது. அது நிலாவெளிக்கு 70, மூதூருக்கு 50 மூடை அனுப்ப வேண்டிய கட்டாயம். மூதூருக்கு அருகிலிருக்கும் கிண்ணியா ஸ்டோர் வெறுமையாகிவிட்டது, கந்தளாய் லொறியோ மூடைக்கு 110 ரூபா கொடுத்து மூதூர் போகிறது. முதலில் எடுத்த 40 ரூபாவின் விலை இந்த 110இல்தான் ஒளிந்திருக்கிறது.

என் அப்பா நகரத்தில் அரிசி மொத்தக்கடை நடத்தியவர். கிண்ணியாப் பாலம் வருவதற்கு முன்பு, 'பாதை' என்ற மிதவையில் ஏற்றிக் களப்பைக் கடந்த காலம் அது. லொறி புறப்படும் முன்பு ஒவ்வொரு டிரைவரிடமும் அவர் கேட்கும் கேள்வி: "நீ இதை ஏத்திற்றுப் போனா, அங்க ஆர் குடுக்கிறது?" இந்தக் கணக்கின் உயிர் அந்தக் கேள்வியில் இருக்கிறது. ஒரு ஸ்டோரின் மூடையை ஓரிடத்துக்குக் கொடுத்தால், அந்த மூடை போயிருக்க வேண்டிய இடத்துக்கு வேறொருவர் கொடுக்க வேண்டும். அந்த வேறொருவரின் கூலியையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு வழி மலிவா இல்லையா என்று தெரியும்.

இப்போது உங்கள் திட்டத்தில் வெறுமையாக இருக்கும் ஒரு கட்டத்தை எடுங்கள். கிண்ணியா–மூதூர். அதில் ஒரு மூடையைக் கூட்டினால் 45 ரூபா கூடும். கிண்ணியாவில் இருப்பது 100தான், ஆகவே நகரத்துக்கு அனுப்புவதில் ஒன்று குறையும். 40 ரூபா மிச்சம். நகரத்துக்குக் குறைந்த அந்த ஒன்றைத் தம்பலகாமம் கொடுக்கட்டும், 50 ரூபா கூடும். தம்பலகாமத்தின் இருப்பும் அளவோடுதான் இருக்கிறது, அது மூதூருக்கு அனுப்புவதில் ஒன்றைக் குறைக்கட்டும், 75 ரூபா மிச்சம். சுற்று முடிந்தது. யாருடைய இருப்பும் மீறவில்லை, யாருடைய தேவையும் குறையவில்லை. கூட்டிக் கழித்தால் மூடைக்கு 20 ரூபா லாபம். எத்தனை மூடையை இப்படிச் சுற்றலாம்? குறைக்கும் கட்டங்களில் ஆகச் சிறியது தம்பலகாமம்–மூதூர், அதில் இருப்பது 40. ஆகவே 40 மூடை, 800 ரூபா. செலவு 20,000க்கு வந்துவிட்டது.

மறுபடியும் வெற்றுக் கட்டங்களைக் கேளுங்கள். இந்த முறை கந்தளாய்–நகரம் பெரிய லாபம் காட்டும். அங்கே ஒன்று கூட்டினால் 70 ரூபா. கந்தளாய்–மூதூரில் ஒன்று குறைந்து 110 மிச்சம். மூதூருக்குக் கிண்ணியா கொடுக்கட்டும், 45 கூடும். கிண்ணியா–நகரத்தில் ஒன்று குறைந்து 40 மிச்சம். மூடைக்கு 35 ரூபா லாபம். 50 மூடை வரை சுற்றலாம், 1,750 ரூபா. செலவு 18,250.

இப்போது திட்டம் இப்படி இருக்கிறது. கந்தளாய் நகரத்துக்கு 50, நிலாவெளிக்கு 70. தம்பலகாமம் தன் 80 மூடையையும் நகரத்துக்கு. கிண்ணியா மூதூருக்கு 90, நகரத்துக்கு 10. எஞ்சிய நான்கு வெற்றுக் கட்டங்களிலும் ஒரு மூடையைச் சுற்றிப் பாருங்கள். கந்தளாய்–மூதூரில் 35 ரூபா நட்டம், தம்பலகாமம்–மூதூரில் 20, கிண்ணியா–நிலாவெளியில் 15, தம்பலகாமம்–நிலாவெளியில் 10. எந்தச் சுற்றும் லாபம் தரவில்லை. இதற்குக் கீழே இறங்க முடியாது என்பதற்கு இதுவே நிரூபணம். எல்லா வெற்றுக் கட்டமும் "என்னால் ஆகாது" என்று சொன்ன பிறகு, கோடிக்கணக்கான வேறு சேர்க்கைகளை ஒவ்வொன்றாகத் தேடத் தேவையில்லை. பாடப்புத்தகத்தில் இதன் பெயர் படிக்கல் முறை.

ஒவ்வொரு கட்டத்துக்கும் சுற்றுத் தேடுவது அலுப்பான வேலை. அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. அதை நான் குறுக்குவழி என்று மட்டும் நினைப்பதில்லை. ஒவ்வோர் இடத்திலும் ஒரு மூடைக்கு ஒரு விலை ஒட்டுங்கள். கந்தளாய் ஸ்டோரில் நிற்கும் மூடைக்குச் சுழியம் என்று தொடங்குவோம். மூடை ஓடுகிற வழிகளில், புறப்படும் இடத்து விலையோடு கூலியைக் கூட்டினால் சேருமிடத்து விலை வர வேண்டும். அப்படியானால் நகரத்தில் 70, நிலாவெளியில் 90. தம்பலகாமத்திலிருந்து 50 ரூபாவில் நகரம் போகலாம் என்பதால் அங்கே 20. கிண்ணியாவில் 30. கிண்ணியாவிலிருந்து 45 கொடுத்து மூதூர் போவதால் மூதூரில் 75. இனி வெற்றுக் கட்டங்களைப் பார்ப்பது ஒரு கூட்டல்தான். தம்பலகாமம்–மூதூர்: 20 உடன் 75, மொத்தம் 95. மூதூரில் விலை 75. ஆகவே 20 ரூபா நட்டம். சுற்றிப் பார்த்துக் கண்ட அதே 20. மொடி முறை என்று மாணவர்கள் மனப்பாடம் செய்வது இதைத்தான்.

இந்த விலைகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவை வியாபாரத்துக்கு உதவும். கிண்ணியா ஸ்டோரில் நிற்கும் மூடை, கந்தளாயில் நிற்கும் மூடையைவிட உங்களுக்கு 30 ரூபா பெறுமதி கூடியது. அடுத்த கொள்வனவில் கந்தளாயில் வாங்குவதற்குப் பதில் கிண்ணியாவில் மூடைக்கு 30 ரூபா வரை கூடக் கொடுத்தாலும் உங்களுக்கு நட்டம் இல்லை. இந்தக் கிழமைக் கணக்கில் 50 மூடை வரை அது பொருந்தும், அதற்குமேல் விலைகளைத் திரும்பப் போட வேண்டும். மொத்தச் செலவைவிட இந்தச் சிறிய எண்களை நான் பெரிதாக மதிக்கிறேன். எங்கே ஸ்டோர் வைப்பது, எங்கே நெல் வாங்குவது என்பதையெல்லாம் அவை சொல்லித்தரும்.

கேள்வி: ரீச்சர், நான் ஒரு கன்டர் லொறி ஓடுகிறேன். எந்த முதலாளியும் எங்களுக்கு மூடைக்கணக்கில் காசு தருவதில்லை. போய்வர இவ்வளவு என்றுதான் பேச்சு. பத்து மூடை ஏற்றினாலும் டீசல் அதேதான். அப்படியிருக்க உங்கள் கணக்கு எங்களுக்கு எப்படிப் பொருந்தும்?
— லொறிச் சாரதி, தம்பலகாமம்

பதில்: நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். மேலே உள்ள திட்டத்தையே பாருங்கள். கிண்ணியாவிலிருந்து நகரத்துக்கு 10 மூடை. பேப்பரில் அது 400 ரூபா. நடப்பில் பத்து மூடைக்காக ஒரு கன்டர் பாலம் கடந்து வர வேண்டும். எந்தச் சாரதியும் 400 ரூபாவுக்கு வரமாட்டார், வரவும் கூடாது.

மூடைக்கு மூடை கூலி மாறாது என்பது இந்தக் கணக்கு எடுத்துக்கொள்ளும் நிபந்தனை. ஒரு வழியைத் திறப்பதற்கே ஒரு நிலையான செலவு உண்டு என்று வந்தால் கணக்கின் குணம் மாறிவிடுகிறது. சுற்றிச் சுற்றி இறங்கினால் ஆக அடிக்கு வந்துவிடுவோம் என்ற உறுதி போய்விடும். ஓரிடத்தில் எல்லாச் சுற்றும் நட்டம் காட்டும், ஆனால் இரண்டு வழிகளை ஒருமிக்க மூடிவிட்டுப் பார்த்தால் இன்னும் குறைவாக வரும். பெரிய கணக்குகளுக்கு முழு எண் நிரலாக்கம் என்ற கனமான ஆயுதம் வேண்டும்.

ஆனால் மூன்று ஸ்டோரும் மூன்று ஊரும் உள்ள வியாபாரிக்கு அது தேவையில்லை. மேலே சொன்ன விலைகளே போதும். கிண்ணியாவின் 10 மூடையை அடுத்த கிழமைக்கு விட்டுவைத்து, கந்தளாயில் இன்னும் 10 மூடை கிடைக்குமானால் அதே நகர லொறியில் ஏற்றினால் என்ன? இரண்டு இடத்து விலைக்கும் வித்தியாசம் 30 ரூபா, பத்து மூடைக்கு 300. அவ்வளவுதான் கூடுதல். ஐந்து பயணம் நான்காகிவிடும். ஒரு பயணத்தின் டீசலும் ஆட்கூலியும் 300 ரூபாவில் அடங்காது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வொரு வழிக்கும் பயணச் செலவை, அந்த வழியில் அதிகபட்சம் போகக்கூடிய மூடைகளால் வகுத்து, மூடைக் கூலியோடு சேர்த்துவிட்டு வழமையான கணக்கைப் போடலாம். வரும் விடை உண்மைச் செலவுக்கு ஒரு கீழெல்லை. எந்தத் திட்டமும் அதற்குக் கீழே போகாது. கையிலிருக்கும் திட்டம் அந்த எல்லைக்குக் கிட்ட நின்றால் நிம்மதியாக லொறியை எடுக்கலாம்.

முதலாளிமார் இந்தப் பட்டியலைப் போடும்போது சாரதிகளைப் பக்கத்தில் இருத்த வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எந்தக் கடையில் இறக்க ஆள் இல்லை, எந்த வீதியில் மாரிக்குச் சில்லுப் புதையும், எங்கே திரும்பி வரும்போது வேறு சுமை கிடைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கட்டத்துக்குள் போடும் எண் பிழையென்றால் அதற்குமேல் செய்யும் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை.

கேள்வி: வோகல் முறையில் தொடங்கினால் உகந்த விடை கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்குச் சில கணக்குகளில் கிடைக்கிறது, சிலவற்றில் இல்லை. அத்துடன் நிரைகளும் நிரல்களும் கூட்டி ஒன்று கழித்தால் வரும் எண்ணுக்குக் குறைவாகக் கட்டங்கள் நிரம்பினால் என்ன செய்வது? வடமேற்கு மூலை முறையை ஏன்தான் இன்னும் படிப்பிக்கிறார்கள்?
— செயற்பாட்டு ஆய்வு படிக்கும் மாணவி, திருகோணமலை வளாகம்

பதில்: மகள், கிண்ணியா வியாபாரியின் கணக்கையே வோகல் முறையில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு நிரையிலும் நிரலிலும் ஆகக் குறைந்த இரண்டு கூலிகளின் வித்தியாசத்தை எடுக்க வேண்டும். மலிவான வழி கைநழுவினால் எவ்வளவு அபராதம் கட்ட நேரும் என்பதே அந்த வித்தியாசம். மூதூர் நிரலில் 45, 75. அபராதம் 30. வேறெதுவும் அதை எட்டவில்லை. ஆகவே முதலில் மூதூரின் 90 மூடையையும் கிண்ணியாவிடம் கொடுத்துவிடுவோம். அடுத்து கிண்ணியா நிரையின் அபராதம் 35, எஞ்சிய 10 மூடை நகரத்துக்கு. பிறகு தம்பலகாமம் 30, அதன் 80 மூடை நகரத்துக்கு. மிச்சம் கந்தளாய்க்கு. நேரே 18,250.

பெரிய அட்டவணைகளில் வோகல் சில வேளை தவறுவது ஏனென்றால், அது ஒவ்வொரு நிரையிலும் இரண்டு எண்களைத்தான் பார்க்கிறது. மூன்றாவது மலிவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, ஒரு நிரலை மூடியதும் மற்ற நிரல்களுக்கு என்ன நேரும் என்பதை அது முன்கூட்டிக் காண்பதில்லை. நல்ல தொடக்கம் தரும், நிரூபணம் தராது. விலை ஒட்டி வெற்றுக் கட்டங்களைச் சோதித்த பிறகுதான் விடைக்குக் கீழே கோடு போட வேண்டும். பரீட்சையில் பலர் வோகலோடு நிறுத்திவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வருந்தும். அரைவாசி வேலையை அழகாகச் செய்துவிட்டு எழும்பிவிடுகிறார்கள்.

வடமேற்கு மூலை கூலியையே பார்ப்பதில்லை, இடது மேல் மூலையிலிருந்து நிரப்பிக்கொண்டு போகும். ஆனாலும் இந்தக் கணக்கில் அது 19,000 ரூபா தருகிறது, மலிவு பார்த்து நிரப்பிய 20,800ஐவிடக் குறைவு! காரணம், கிண்ணியாவும் மூதூரும் தற்செயலாகக் கடைசி மூலையில் சந்தித்துக்கொண்டன. நிரைகளின் ஒழுங்கை மாற்றினால் எண்ணும் மாறிவிடும். அதை விடை தேட அல்ல, பிசகில்லாத ஒரு தொடக்கம் எடுக்கப் படிப்பிக்கிறார்கள். சரியான எண்ணிக்கையில் கட்டங்கள் நிரம்பிய திட்டம் ஒன்று கையில் இருந்தால், எங்கே தொடங்கினாலும் அதே ஆகக் குறைந்த செலவுக்கு இறங்கலாம்.

கட்டம் குறையும் சிக்கலுக்கு இதே உதாரணம். கிண்ணியாவில் 100க்குப் பதில் 90 மூடை, நகரத்தின் தேவை 140க்குப் பதில் 130 என்று வையுங்கள். கிண்ணியாவின் 90ஐ மூதூருக்குக் கொடுத்ததும் நிரையும் நிரலும் ஒன்றாக முடிந்துவிடும். நிரம்பிய கட்டம் நான்கு, வேண்டியது ஐந்து. விலை ஒட்டப் போனால் கிண்ணியாவும் மூதூரும் மற்ற ஊர்களோடு தொடர்பில்லாமல் தனித் தீவாக நிற்கும், விலை கடந்து போக வழியில்லை. அதற்காக ஒரு வெற்றுக் கட்டத்தில் சுழியத்தை எழுதி, அதை நிரம்பிய கட்டமாகவே நடத்துகிறோம். கிண்ணியா–நகரத்தில் எழுதுங்கள், எல்லா விலையும் வந்துவிடும். தம்பலகாமம்–நிலாவெளியில் எழுதக்கூடாது. ஏற்கெனவே தொடுப்புள்ள மூன்று கட்டங்களோடு சேர்ந்து அது ஒரு மூடிய சுற்றாகிவிடும், தீவு தீவாகவே இருக்கும். சுழியத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடை இதுதான்: பிரிந்து நிற்கும் இரண்டு துண்டுகளையும் இணைக்கும் கட்டத்தில்.

கேள்வி: என் தகப்பனார் உலக யுத்த காலத்தில் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். இந்தக் கணக்கு யுத்தக் கப்பல்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று எங்கேயோ வாசித்தேன். உண்மையா?
— ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், உப்புவெளி

பதில்: ஒரு பகுதி உண்மை, ஐயா. வேர் அதைவிடப் பழையது. 1781இல் பிரான்சில் காஸ்பார் மொஞ்ச், வெட்டிய மண்ணை நிரப்ப வேண்டிய இடங்களுக்கு ஆகக் குறைந்த உழைப்பில் கொண்டுபோவது எப்படி என்று எழுதினார். 1930இல் சோவியத் ஒன்றியத்தில் டொல்ஸ்டோய் என்பவர் (நாவலாசிரியர் அல்லர், வேறொருவர்) ரயிலில் சரக்கு அனுப்பும் கணக்கைப் போட்டார். புறப்படும் இடம் 10, சேருமிடம் 68. லாபம் தரும் சுற்று ஒன்றும் எஞ்சியிருக்கக் கூடாது என்பதை அவர் அப்போதே கண்டுகொண்டார். கணினி இல்லாத காலத்தில் அவர் கையால் எடுத்த விடை உகந்ததுதான் என்று பிற்காலத்தில் சரிபார்த்திருக்கிறார்கள். அதை வாசித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

1939இல் லெனின்கிராட்டில் கண்டரோவிச், 1941இல் அமெரிக்காவில் ஹிச்கொக், பிறகு கூப்மன்ஸ் என்று இதே வகைக் கணக்கைப் பலர் எடுத்தார்கள். நீங்கள் வாசித்தது கூப்மன்ஸைப் பற்றியதாக இருக்கும். யுத்த காலத்தில் வாஷிங்டனில் நேச நாடுகளின் கப்பல் ஒழுங்கமைப்புச் சபையில் வேலை செய்தவர் அவர். சரக்கு ஒரு பக்கமாகவே ஓடும், கப்பல்கள் வெறுமையாகத் திரும்பும். எந்த வெறுங்கப்பலை எந்தத் துறைமுகத்துக்கு அனுப்புவது என்பதே கேள்வி. ஒரு வழியில் ஒரு சுமையைக் கூட்டினால் மற்ற வழிகளில் எவ்வளவைக் கைவிட வேண்டும் என்று அவர் 1942இல் கணக்குப் போட்டார். கிண்ணியா மூடைக்கு 30 ரூபா என்று நாம் ஒட்டிய விலை அந்தச் சிந்தனையின் வழிவந்ததுதான். அதே 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் எங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. சீனக்குடா எண்ணெய்க் குதங்களும், இந்தத் துறைமுகத்துக்கு வந்துபோன கப்பல்களும் யுத்தத்தில் எவ்வளவு முக்கியம் என்பதை உங்கள் தகப்பனார் நேரே கண்டிருப்பார்.

கண்டரோவிச்சும் கூப்மன்ஸும் 1975இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். 1947இல் இப்படிப்பட்ட கணக்குகளுக்கெல்லாம் பொதுவான சிம்ப்ளெக்ஸ் முறையைத் தந்து, பிறகு அதைப் போக்குவரத்துக் கணக்குக்கும் பொருத்திக் காட்டிய டான்சிக்குக் கிடைக்கவில்லை. எங்கள் மாணவர்கள் இன்று அட்டவணை போடுவது பெரும்பாலும் அவர் காட்டிய வழியில்தான். அவருக்கும் அது கிடைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கேள்வி: எங்கள் மகளிர் சங்கம் நெல் சேர்த்து விற்கிறது. பெரும்போகம் முடிந்தால் இருப்பு தேவையைவிடக் கூட. சிறுபோகத்தில் தேவை கூட. இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் கணக்குப் போட முடியாதா? மாரியில் வெருகல் வீதி வெள்ளத்தில் மூடினால் அந்த வழியை எப்படிக் காட்டுவது?
— சங்கத் தலைவி, மூதூர்

பதில்: போடலாம், அம்மா. இருப்பு மிஞ்சினால் இல்லாத கடை ஒன்றுக்கு ஒரு நிரல் சேர்த்து, மிஞ்சும் மூடைகளை அங்கே அனுப்புவதாக எழுதுங்கள். புத்தகங்கள் அந்தக் கட்டங்களில் சுழியம் போடச் சொல்லும். நீங்கள் போட வேண்டாம். ஸ்டோரில் மூடை கிடந்தால் வாடகை, எலி, ஈரம் என்று செலவு உண்டு, அதுவும் ஸ்டோருக்கு ஸ்டோர் வேறுபடும். அந்தத் தொகையை எழுதினால், எந்த ஸ்டோரில் மிச்சம் வைப்பது என்பதையும் கணக்கே சொல்லிவிடும். தேவை கூடினால் இல்லாத ஸ்டோர் ஒன்றுக்கு ஒரு நிரை. அங்கே வரும் எண், அந்த ஊருக்கு அரிசி கொடுக்காமல் விட்டால் உங்களுக்கு வரும் நட்டம். அதை நீங்கள்தான் நேர்மையாக முடிவுசெய்ய வேண்டும். ஓர் ஊருக்கு அது சிறிய எண் என்று எழுதினால், அந்த ஊரைத்தான் கணக்கு முதலில் கைவிடும்.

மூடிய வீதிக்கு, யாரும் கொடுக்க மாட்டாத பெரிய தொகை ஒன்றை அந்தக் கட்டத்தில் எழுதுங்கள். கடைசி விடையில் அந்தக் கட்டத்தில் மூடை நின்றால், வேறு வழியே இல்லை என்று பொருள். வெள்ளம் வருமுன் இருப்பை இடம் மாற்ற வேண்டும்.

கேள்வி: எக்செலில் விடையைத் தானே தேடித்தரும் சோல்வர் இருக்கும்போது பிள்ளைகளைக் கையால் போடச் சொல்வது ஏன்?
— கணித ஆசிரியர், நிலாவெளி

பதில்: பத்து ஸ்டோர், நாற்பது கடை என்றால் சோல்வரைத்தான் பாவிக்க வேண்டும், நானும் பாவிக்கிறேன். மூன்றுக்கு மூன்று கணக்கை ஒரு முறையாவது கையால் சுற்றிய பிள்ளைக்குத்தான் சோல்வர் தரும் உணர்திறன் அறிக்கையில் நிழல் விலை (மேலே நாம் ஒட்டிய விலைகள் போன்றதுதான்) என்று வரும் நிரல் என்ன பேசுகிறது என்று விளங்கும்.

கேள்வி: நகரத்தில் எங்களிடம் மூன்று லொறி. தினமும் கந்தளாய், மூதூர், புல்மோட்டைக்கு ஒவ்வொன்று போக வேண்டும். போய்வர டீசல் லீட்டரில்: முதலாம் லொறி 9, 8, 14. இரண்டாவது 8, 6, 15. மூன்றாவது 11, 7, 16. எதை எங்கே அனுப்புவது? நாங்கள் இரண்டாவதை மூதூருக்கு அனுப்புகிறோம், அதற்கு ஆறு லீட்டர்தான் போகிறது.
— போக்குவரத்து முகாமையாளர், திருகோணமலை

பதில்: இது ஒதுக்கீட்டுக் கணக்கு, ஒவ்வொரு இருப்பும் ஒவ்வொரு தேவையும் ஒன்று என்றான போக்குவரத்துக் கணக்கு. ஹரோல்ட் கூன் 1955இல் இதற்கு ஒரு நேர்த்தியான முறை தந்து, அதற்கு அடித்தளம் போட்ட கேனிக், எகெர்வாரி என்ற இரண்டு ஹங்கேரியக் கணிதவியலாளர்களை மதித்து, ஹங்கேரிய முறை என்று பெயர் வைத்தார்.

ஒவ்வொரு நிரையிலும் அதன் ஆகச் சிறிய எண்ணைக் கழியுங்கள். பிறகு நிரல்களிலும் அப்படியே. இப்போது முதல் நிரை முழுவதும் சுழியம், இரண்டாவது 1, 0, 3, மூன்றாவது 3, 0, 3. சுழியங்களை எல்லாம் மூட எத்தனை கோடு வேண்டும்? இரண்டு போதும்: முதல் நிரைக்கு ஒன்று, மூதூர் நிரலுக்கு ஒன்று. மூன்று லொறிக்கு மூன்று கோடு வேண்டும் என்பதால் வேலை முடியவில்லை. மூடப்படாத எண்களில் ஆகச் சிறியது 1. அதை மூடப்படாதவற்றில் கழித்து, கோடுகள் வெட்டும் இடத்தில் கூட்டுங்கள். இரண்டாவது லொறிக்குக் கந்தளாயில் ஒரு சுழியம் பிறக்கும். இப்போது மூன்றாவது லொறிக்கு மூதூர் மட்டுமே சுழியம், அதனால் அது மூதூர். இரண்டாவதுக்குக் கந்தளாய். முதலாவதுக்குப் புல்மோட்டை. 7, 8, 14, மொத்தம் 29 லீட்டர்.

இரண்டாவது லொறியை மூதூரில் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எப்படி மாற்றினாலும் 31 லீட்டருக்குக் கீழே வராது. நாளுக்கு இரண்டு லீட்டர் வித்தியாசம். மூன்று லொறியும் ஒரே அளவு சுமை ஏற்றும் என்று எடுத்துக்கொண்டேன். அப்படியில்லையென்றால் ஒவ்வொன்றின் கொள்ளளவையும், ஒவ்வோர் ஊருக்கும் தினமும் போகும் சுமையையும் எழுதி அனுப்புங்கள்.